கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஆலைக் கேண்டீனில் ஒரே பந்தியில் நானூறு பேரை உட்காரவைத்து வயிறு நிறைய அனுப்புகிற மாஸ்டர், சொந்த வீட்டில் இரண்டு பொடிசுகளின் வாயில் ஒரு கவளம் சோற்றை இறக்க வழி தெரியாமல் கரண்டியும் கையுமாக நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேசைமேல் இரண்டு தட்டுகள். இரண்டிலும் சோறு, பருப்பு, ஒரே அளவில் வெட்டி ஒரே பதத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கு. வைத்தது வைத்தபடி இருந்தது. பருப்பு ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது.

“ஒரு வாய். ஒரே ஒரு வாய். அதுக்கப்புறம் அப்பா ஒண்ணுமே கேக்க மாட்டேன்.”

பெரியவள் தட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் வந்து ஒப்பிக்கிற சுபாவம். அதனால் வீட்டில் அவளுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். பக்கத்து நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த சின்னவன் மொட்டை. பேன் தொல்லை தாங்காமல் எப்போதோ தலையை ஒட்ட வழித்துவிட்டார்கள். முடி வளர்ந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது இன்னும் வரவில்லை.

“பசிக்கல,” என்றான் மொட்டை. சொல்லும்போதே அவன் வயிறு கடகடவென்று சத்தம் போட்டது.

“அது என்னடா சத்தம், பக்கத்து வீட்டு வயிறா?”

மொட்டை வயிற்றைக் குனிந்து பார்த்தான். அவனுக்கும் அது யாருடையது என்று தெரியாதது போலத்தான் இருந்தது.

மாஸ்டரின் மனைவி பஸ்ஸில் கண்டக்டர். அந்தக் குடியிருப்பில் எல்லோரும் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். டிக்கெட் கிழித்தது போதும், வண்டியை நாமே ஓட்டிப் பார்த்தால் என்ன என்று அவளுக்கு வெகுநாளாக ஆசை. டிரைவர் பயிற்சிக்குப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். ஆனால் பயிற்சி வேறு ஊரில், விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். முதல் தடவை போனபோது மொட்டைக்குக் காய்ச்சல் கண்டு பாதியில் ஓடிவந்துவிட்டாள். டெப்போ மேனேஜர் நல்ல மனிதர், இன்னொரு தடவை பெயரைச் சேர்த்தார். சேர்க்கும்போதே, “இதுதாம்மா கடைசி. இதையும் விட்டுட்டு வந்தா என்னைக் கேக்காதே,” என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

நல்ல வேளையாக ஆலையில் பாய்லரைப் பிரித்துப் போட்டு மராமத்து நடந்தது. ஆலை மூடினால் கேண்டீனும் மூடும். மாஸ்டருக்கு நீண்ட விடுமுறை. “நீ போயிட்டு வா. சமையல்தானே? அது என்கிட்ட சொல்ற வேலையா?” என்று மார் தட்டித்தான் மனைவியை பஸ் ஏற்றி அனுப்பினார். அந்த மார்தட்டல்தான் இப்போது அவரை உள்ளுக்குள் குடைந்தது.

சமையலைப் பற்றி மாஸ்டர் மனைவியை விட்டுவைத்ததே இல்லை. விடியுமுன் கேண்டீனுக்குப் போனால் மதியப் பந்தி முடிந்துதான் திரும்புவார். சாப்பாடும் அங்கேயே ஆகிவிடும். இரவில் பாலைக் குடித்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிடுவார். விடுமுறை நாளில், பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு, வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது, கிழங்கைக் கரண்டியால் நசுக்கிப் பார்த்து, “இந்தப் பக்கம் வெந்திருக்கு, அந்தப் பக்கம் வேகல. ஒரே பாத்திரத்துல ரெண்டு பதம் எப்படிம்மா கொண்டு வர்றே?” என்பார். பருப்பைத் தூக்கி ஊற்றிக் காட்டி, “இதுல நீச்சலடிக்கலாம் போல,” என்பார். கண்டக்டரம்மா பதில் சொல்ல மாட்டாள். நாள் முழுக்கப் பஸ்ஸில் வாய் ஓயாமல் கத்துகிறவள், வீட்டில் இதற்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை.

அவள் ஊருக்குப் போன அன்றே மாஸ்டர் சமையலறையைக் கேண்டீன் கணக்கில் ஒழுங்கு செய்தார். அடுப்பு மேடை ஓரத்தில் கிடந்த மர முக்காலியைக் காலில் இடறுகிறது என்று பால்கனியில் தூக்கிப் போட்டார். கத்திகளை மேல் தட்டுக்கு ஏற்றினார். பிறகு ஒரு சுருள் மஞ்சள் டேப்பை எடுத்து, சமையலறை வாசலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தரையில் நேராக ஒட்டினார்.

“இது என்ன தெரியுமா? கோடு. அடுப்பு எரியும்போது யாரும் இதைத் தாண்டக் கூடாது. கேண்டீன்ல பெரிய ஆபீசரே வந்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிப்பாரு.”

கேண்டீனில் அப்படிக் கோடு போடவைத்தவரே மாஸ்டர்தான். பாத்திரம் தேய்க்கிற பெரியவர் ஒருவர், ஏதோ கேட்க அடுப்புப் பக்கம் வந்தவர், ஈரத் தரையில் வழுக்கி அண்டாவைப் பிடித்துவிட்டார். கொதிக்கிற பருப்பு முழங்காலுக்குக் கீழே முழுக்கச் சரிந்தது. அந்த மனிதர் போட்ட சத்தத்தை மாஸ்டரால் இன்றுவரை மறக்க முடியவில்லை. சொந்தப் பிள்ளைகளை அடுப்பருகே நினைத்தாலே அவருக்கு அந்தச் சத்தம்தான் காதில் விழுந்தது. வெளியே சொல்ல மாட்டார், டேப் ஒட்டுவார்.

மழை வேறு விடாமல் பிடித்துக்கொண்டது, பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டுவிட்டார்கள். மூன்றாவது மாடியில் இரண்டே அறை. துணியெல்லாம் கூடத்துக் கொடியில் தொங்க, அந்த ஈர நாற்றத்துக்கு நடுவே மாஸ்டர் ஒருவேளை விடாமல் சமைத்துக் கொட்டினார். கை சின்னதாக மாட்டேன் என்றது. வெங்காயம் ஒன்று போதும் என்று நினைப்பார், நறுக்கி முடிக்கும்போது ஒரு குன்று நிற்கும். உப்பைக் கைப்பிடியாக அள்ளிவிட்டு, அப்படியே டப்பாவுக்குள் திரும்ப உதறுவார். இருந்தாலும் ருசியில் குறை சொல்ல முடியாது. அவித்த முட்டை, வெண்ணெய் போட்ட பட்டாணி, காரட் சூப், நூடுல்ஸ், ரொட்டி என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மூன்று தட்டுப் போட்டு அவர் ஒரு தட்டில் சாப்பிடுவார். மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

பக்கத்து வீட்டில் பூட்டு ரிப்பேர் செய்கிறவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பூட்டுக்காரரம்மாவுக்கு இந்தத் திடீர் விருந்தில் உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

“மாஸ்டர், நேத்துப் பட்டாணி பிரமாதம். எங்க வீட்டுக்காரரு தட்டையே நக்கிட்டாரு,” என்று கழுவிய பாத்திரத்தை நீட்டினாள்.

“உங்க வீட்டுக்காரரு நக்கி என்னங்க பிரயோஜனம்? என் வீட்டுல இருக்கறதுங்க தொட மாட்டேங்குதே.”

“அது அம்மா ஏக்கம் மாஸ்டர். எத்தனை ருசியா வெச்சாலும் இறங்காது. சின்னவன் முகத்தப் பாருங்க, வாடிப்போச்சு.”

மாஸ்டரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மொட்டையின் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் இறங்க ஆரம்பித்திருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் நடமாடினான். இரண்டும் சேர்ந்து ரகசியமாக பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்திருந்தன. பிஸ்கட்டை ஒளித்துவைத்தால் சர்க்கரை டப்பாவுக்குள் கை போனது. சர்க்கரையை மேலே ஏற்றினால், பால் மட்டும் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தார்கள்.

கெஞ்சினார், மிரட்டினார். டி.வி.யைப் போட்டார், அணைத்தார். கிழங்கைப் பஸ் மாதிரி செதுக்கிக் காரட் சக்கரம் வைத்துக் கொடுத்தார். மொட்டை அதைத் தட்டிலிருந்து எடுத்து மேசை முழுக்க ஓட்டி, சக்கரம் கழன்றதும் அழுதான்.

“சாப்பிடறதுக்குடா அது.”

“பஸ்ஸ யாராவது சாப்பிடுவாங்களா?” என்றாள் சூப்பர்வைசர்.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் மேலே, தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு போன் வரும். மற்ற எல்லா விஷயத்தையும் கண்டக்டரம்மா புருஷனிடம் கேட்பாள். இதை மட்டும் மகளிடம்தான் கேட்பாள்.

“சாப்பிட்டியா கண்ணு?”

“இல்லம்மா.”

“தம்பி?”

“அவனும் இல்ல. அப்பா நெறைய வெச்சாரு. திட்டினாரு. அப்புறம் அப்பாவே சாப்பிட்டாரு. மிச்சத்தப் பூட்டுக்காரரம்மாவுக்குக் குடுத்துட்டாரு.”

மாஸ்டர் போனைப் பிடுங்கி, “அவ சொல்றத நம்பாதே, கொஞ்சம் சாப்பிட்டாங்க,” என்று மென்று விழுங்குவார். எதிர்முனையில் நம்பிய சத்தம் வராது.

முதலில் அவள், “புதுக் கை இல்லையா, பழகிடுவாங்க,” என்றாள். அப்புறம், “என்னைத் தேடறாங்க போல,” என்றாள். மாஸ்டரும் அதைத்தான் நினைத்தார். பூட்டுக்காரரம்மாவும் அதைத்தான் சொன்னாள். காரணம் தெரிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டதால் வேறு யாரும் எதையும் யோசிக்கவில்லை. ஒரு நாள் மாலை அவள் போனில் கேட்டபோது, மொட்டையின் கால்சட்டை விவரத்தையும் சூப்பர்வைசர் விடாமல் சொல்லிவைத்தாள்.

“அப்பாகிட்ட குடு.” குரல் மாறியிருந்தது. “ஏங்க, நான் நாளைக்கு வந்துடறேன். சாயந்தரம் ஒரு பஸ்ஸு இருக்கு.”

“என்ன பேசறே நீ? நாளன்னிக்கு ரோட்டு டெஸ்டுன்னு சொன்னியே.”

“இருக்கட்டும்.”

“இருக்கட்டும்னா? மேனேஜர் என்ன சொன்னாரு, மறந்துட்டியா?”

“மறக்கலங்க. பெத்தது பட்டினி கெடக்கும்போது நான் இங்க ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு என்ன செய்ய? கண்ணு ரோட்டுல நிக்க மாட்டேங்குது. இன்னிக்கு ரெண்டு தடவை வண்டி நின்னுபோச்சு. வாத்தியாரு திட்டினாரு.”

“நான் பாத்துக்கறேன்மா.”

“நீங்க நல்லாத்தான் பாத்துக்கறீங்க. நான் குத்தம் சொல்லல. அவங்களுக்கு நான் வேணும், அவ்வளவுதான். எனக்கு இது எழுதி வெக்கல போல.” போனை வைத்துவிட்டாள்.

மாஸ்டருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நானூறு பேர் கை கழுவிக்கொண்டே, “மாஸ்டர், இன்னிக்கு அசத்திட்டீங்க,” என்று சொல்லிவிட்டுப் போகிற மனுஷன், வீட்டில் இரண்டு பிள்ளைகளின் வயிற்றை நிரப்பத் தெரியாமல் ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுக்கப் போகிறோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. அன்று அவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தட்டு போனது போலவே திரும்பி வந்தது. மதியத்துக்கு அவருக்குத் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கினார். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் பூவாய் உதிர்ந்தது. முட்டையை மெல்லிசாக ஊற்றிச் சுருட்டி எடுத்தார். பொன்னிறத்தில் கிழங்கு. வாசனை மாடிப்படி வரை போனது. பிள்ளைகள் இரண்டும் சமையலறை வாசலில் டேப்பை ஒட்டிக் கால் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, வாணலியையே பார்த்தபடி நின்றன. மொட்டையின் வாயோரம் எச்சில் ஒழுகியது. அதைக் கண்டதும் மாஸ்டருக்கு நம்பிக்கை வந்தது.

“ஆச்சு. போய் உக்காருங்க. கொண்டு வர்றேன்.”

உட்கார்ந்தார்கள். தட்டு வந்தது. மொட்டை தட்டைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். சூப்பர்வைசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மாஸ்டர் கரண்டியை மேசைமேல் ஓங்கி அடித்தார். பருப்பு சிதறி அவர் சட்டையிலேயே விழுந்தது.

“என்னதான் வேணும் உங்களுக்கு? சொல்லித் தொலைங்களேன். இப்பதானே எச்சில் ஒழுக நின்னீங்க? நின்னீங்களா இல்லையா? உங்க அம்மா பருப்புல நீச்சலடிக்கலாம், அதக் குடிப்பீங்க. நான் வெச்சா எறங்காதா? இன்னிக்கு அவ எல்லாத்தையும் விட்டுட்டு வரப் போறா. யாரால? உங்களால.”

மொட்டை வீல் என்று அழுதான். சூப்பர்வைசருக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் பேச்சை விடுகிறவள் இல்லை.

“எங்களுக்குச் சாப்பாடு எப்பப்பா போடுவீங்க?”

“இது என்னடி பின்ன? கல்லா, மண்ணா?”

“இது தட்டுல இருக்கு.”

“தட்டுல இருக்காம?”

“தட்டுல இருந்தா அது அம்மா சாப்பாடு. அம்மா எல்லாம் முடிச்சிட்டுத் தட்டுல போட்டுச் சாப்பிடுவா. நீங்களும் தட்டுல சாப்பிடுவீங்க. எங்களுக்குத் தட்டு கெடையாது.”

மாஸ்டர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப நீங்க எங்கதான் சாப்பிடுவீங்க?”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையலறையைக் காட்டினாள். “அங்க. அம்மா செய்யும்போது.”

“செய்யும்போது எப்படிடி சாப்பிடறது? வேகாதே.”

“வெந்த வரைக்கும் தருவா. மொதல்ல காரட்டு. அப்புறம் பட்டாணி. அது நாங்கதான் உரிப்போம், ஒண்ணு பாத்திரத்துக்கு, ஒண்ணு எங்களுக்கு. அப்புறம் கிழங்கு பாதி வேகும்போது ஒண்ணு எடுத்து ஊதி ஊதித் தருவா. பருப்புத் தண்ணி மேல தெளிஞ்சிருக்கும்ல, அத டம்ளர்ல. மொட்டைக்கு முட்டையோட வெள்ளை, எனக்கு மஞ்சள். சோறு அடியில லேசாப் புடிச்சிருக்கும், அதச் சுரண்டி ரெண்டு பேருக்கும் உருட்டித் தருவா. அவ்ளோதான். முடிஞ்சிரும்.”

“தெனமுமா?”

“தெனமும்தான். எங்கள அங்க வரக் கூடாதுன்னு நீங்க கோடு போட்டுட்டீங்க. அதனால நாங்க சாப்பிடல.”

சொல்லிவிட்டு, அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். கண்டக்டரம்மாவும் இதை அவரிடம் சொல்ல நினைத்ததில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுத்துவிட்டா ஊருக்குப் போவார்கள்?

மாஸ்டர் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார். கீழே மஞ்சள் கோட்டைப் பார்த்தார். அந்தப் பெரியவரின் கால் நினைவுக்கு வந்தது. உள்ளே அடுப்பு மேடை மொட்டையின் தலைக்கு மேல் இருந்தது. இவனை எங்கே நிறுத்துவது, கை நீட்டினால் என்ன செய்வது, வாணலிக் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மனம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. மாஸ்டருக்கு அப்போது நிஜமாகவே பயமாக இருந்தது. இன்னொரு பக்கம், சாயந்தரப் பஸ்ஸின் நினைப்பு.

குனிந்து டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். நன்றாகத்தான் ஒட்டியிருந்தார் மனிதர். துண்டு துண்டாகத்தான் வந்தது.

“வாங்கடா,” என்றார். “ஆனா நான் சொன்ன எடத்துலதான் நிக்கணும்.”

இரண்டும் உள்ளே பாய்ந்தன. சூப்பர்வைசர் பால்கனிக்கு ஓடி மழையில் நனைந்த முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து, சுவரோரமாக, அடுப்புக்குக் கை எட்டாத இடத்தில் போட்டாள். அதில் மொட்டை ஏறி நின்று சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். அவன் தோள்கள் படும் இடத்தில் சுவர்ச் சுண்ணாம்பு தேய்ந்து வழவழவென்று இருந்ததை மாஸ்டர் அப்போதுதான் கவனித்தார்.

“நான் இங்க. அம்மா நடுவுல,” என்றாள் சூப்பர்வைசர், மேடையின் மறு ஓரத்தில் நின்றுகொண்டு. “கைப்பிடிய உள்பக்கம் திருப்புங்கப்பா. அம்மா அப்படித்தான் வெப்பா.”

நானூறு பேருக்குச் சமைக்கிறவர் கைப்பிடியை உள்பக்கம் திருப்பினார்.

பருப்பு, சோறு, கிழங்கு எல்லாம் புதிதாக ஏற்றினார். பட்டாணியை உரிக்கக் கொடுத்தார். பாத்திரத்தில் விழுந்தது பாதி, வாயில் விழுந்தது பாதி, மிச்சம் தரையில் உருண்டது. மாஸ்டரின் கால் ஒரு பட்டாணியை மிதித்து வழுக்கியது. “இதுக்குத்தான்டா, இதுக்குத்தான் கோடு,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து பொறுக்கினார். பொறுக்கி நிமிர்ந்தால் மொட்டை வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

“என்னடா?”

“காரட்டு.”

“கழுவிட்டுத் தர்றேன், இரு.”

“காரட்டு.”

கழுவிக் கொடுத்தார். கடித்தான். நொறுக் நொறுக் என்று ஒரு சத்தம். மாஸ்டர் கத்தியைக் கையில் வைத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். இத்தனை நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்குகிற சமயம்தான், அதனால் பரவாயில்லை.

“அப்பா, கிழங்கு.”

“இன்னும் வேகலடி. உள்ள கல்லு மாதிரி இருக்கும்.”

“இப்பதான் எடுக்கணும். வெந்துட்டா நல்லா இருக்காது.”

தொழிலில் இத்தனை வருடம் இருந்தவருக்கு இந்த வார்த்தையைக் கேட்கக் காது கூசியது. தீயைக் குறைத்தார், ஒரு துண்டை எடுத்தார், ஊதினார். அதற்குள் மொட்டை, “எனக்கு,” என்றான். இன்னொரு துண்டை எடுத்தார், ஊதினார். தீயைக் கூட்டினார். மறுபடியும் வாய் திறந்தது. மறுபடியும் குறைத்தார். பருப்புத் தெளிவை டம்ளரில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தால், இரண்டும் மடக் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரை நீட்டின. பாத்திரத்தில் தண்ணீர் வற்றி அடி பிடிக்கப் பார்த்தது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார். உப்புப் போட்டோமா என்று யோசிக்கும்போது மொட்டையின் கால்சட்டை நழுவியது. அதைத் தூக்கிவிட்டு வந்து உப்புப் போட்டார். கிளறக் கரண்டியை எடுத்தால் சூப்பர்வைசர் முட்டையை உடைத்து ஓட்டோடு சேர்த்து மேடைமேல் இருந்த கிண்ணத்தில் போட்டிருந்தாள்.

“அம்மா உன்ன உடைக்க விடுவாளா?”

“விட மாட்டா. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்.”

“அப்ப இப்ப மட்டும் ஏன்டி?”

“நீங்க பாக்கலையே.”

சட்டை முழுக்க வியர்வை. இடது கையால் மொட்டையின் பனியனைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் முட்டை ஓட்டைப் பொறுக்கி, காலால் பட்டாணியை ஒதுக்கி, “நகராதே, தொடாதே, ஊது, இன்னும் ஊது, வாயத் திற,” என்று இடைவிடாமல் கத்திக்கொண்டே இருந்தார். பெரிய ஆபீசர்கள் வரும் நாளில்கூடக் கேண்டீனில் அவர் இப்படி அல்லாடியதில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகள் மட்டும் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அங்கே எப்படி நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே பழக்கப்பட்டிருந்தது.

கடைசியாகச் சோற்றின் அடியைச் சுரண்டி இரண்டு உருண்டை பிடித்துக் கொடுத்தார். மொட்டை தின்று முடித்து ஒரு ஏப்பம் விட்டான். “அவ்ளோதான்,” என்று சொல்லிவிட்டு முக்காலியிலிருந்து இறங்கி நடந்தான். சூப்பர்வைசரும் வாயைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள்.

மாஸ்டர் தனியாக நின்றார். சமையலறை, சந்தை கலைந்த இடம் போலக் கிடந்தது. பாத்திரங்களின் அடியில் மிச்சம் இருந்ததையெல்லாம் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, மேசைக்குக்கூடப் போகாமல் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்தார். பசி அவரையும் கொன்றுகொண்டிருந்தது. கிழங்கை எடுத்து வாயில் போட்டார். ஒரு துண்டு குழைந்துபோயிருந்தது, அடுத்தது உள்ளே கடுக்கென்றது. பருப்பில் தண்ணீர் மட்டும் தனியாக ஓடியது. உப்பு சில இடத்தில் இருந்தது, சில இடத்தில் இல்லை.

இரண்டாவது வாயில் அவருக்குத் தெரிந்துவிட்டது, இந்த ருசியை இதற்கு முன்னால் எங்கே சாப்பிட்டிருக்கிறார் என்று. ஒவ்வொரு விடுமுறை நாளும் சாப்பிட்டிருக்கிறார். நசுக்கிப் பார்த்து, தூக்கி ஊற்றிக் காட்டி, கேலி பேசிச் சாப்பிட்டிருக்கிறார். கிழங்கு ஏன் பாதி வெந்தது, பருப்பில் ஏன் தண்ணீர் நின்றது என்று ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை. இந்த இரண்டு வாய்க்கும் போட்டு முடித்த மிச்சம்தான் தட்டில் வந்து விழுந்திருக்கிறது. அதைச் சமையல் என்று நினைத்து இவர் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் கேட்கிற தினுசில் யாருக்குத்தான் சொல்லத் தோன்றும் என்று அவருக்கே பட்டது. கூசிப்போனார். பிறகு தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

மனைவியைக் கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. வண்டியில் இருப்பாள். மறுபடியும் கூப்பிட்டார். மழை வெறித்து, ஜன்னலில் மஞ்சள் வெயில் வந்து, அதுவும் மங்கத் தொடங்கியபோது அவளே கூப்பிட்டாள். பின்னால் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல். எங்கேயோ போகிற வண்டிக்கு யாரோ ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் வாயைத் திறக்குமுன் சூப்பர்வைசர் போனை வாங்கிக்கொண்டாள்.

“சாப்பிட்டியா கண்ணு?”

“இல்லம்மா.”

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“சாப்பிடலம்மா. சமைச்சோம். மொட்டை நெறைய சமைச்சான். வயிறு இப்படி இருக்கு,” என்று போனுக்குக் கையை விரித்துக் காட்டினாள்.

“எங்க சமைச்சீங்க?”

“உள்ளதான். அப்பா டேப்பக் கிழிச்சிட்டாரு.”

“என்ன டேப்பு?”

சூப்பர்வைசர் சொன்னாள். கோடு போட்டது, முக்காலி பால்கனிக்குப் போனது, கிழங்கு பஸ்ஸுக்குச் சக்கரம் கழன்றது, அப்பா கரண்டியால் மேசையை அடித்தது, பட்டாணி வழுக்கியது, முட்டை ஓடு. தான் முட்டையை உடைத்ததை மட்டும், அது தானாக உடைந்துவிட்டது என்று சொன்னாள்.

“உங்களை உள்ளயே விடலியா அவரு? இத்தனை நாளா?”

“கோடு இருந்துச்சேம்மா.”

கண்டக்டரம்மா ஏதோ முனகினாள். அது சிரிப்பா வேறு எதுவுமா என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “நான் வரட்டாடி? பஸ்ஸு வாசல்லதான் நிக்கறேன்.”

சூப்பர்வைசர் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வரச் சொல் என்றோ வேண்டாம் என்றோ சைகை காட்ட அவருக்குத் துணிவில்லை. கையில் இருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த மேடையைத் துடைத்தார்.

“வேணாம்மா,” என்றாள் அவள். “நீ வந்தா அப்பாவ வெளிய அனுப்பிடுவ. அவருக்கு இன்னும் ஒண்ணுமே தெரியல. கிழங்க எப்ப எடுக்கணும்னுகூடத் தெரியல. நாங்க இப்பதான் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கோம்.”

“அப்பாகிட்ட குடு,” என்றாள் கண்டக்டரம்மா.

மாஸ்டர் காதில் வைத்தார். இத்தனை நேரம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார்.

அதற்குள் அவள் கேட்டாள். “கிழங்கு வெந்துச்சா?”

“பாதி வெந்துச்சு. பாதி வேகல.”

“பருப்பு?”

“தண்ணி. உப்பும் ஒரு பக்கம்தான் இருந்துச்சு.” பிள்ளைகள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “ரெண்டும் சாப்பிட்டதுக்கு அப்புறம் நான் சாப்பிட்டேன். மிச்சம் வெக்கல.”

அவள் பக்கம் எஞ்சின் உறுமுகிற சத்தம் பெரிதாக எழுந்தது. கதவு அறைபடும் சத்தமும் விசிலும் கேட்டன. அந்த உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகப் போயிற்று. மாஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“என்ன சத்தம் அது?”

“பஸ்ஸு கெளம்பிடுச்சுங்க.”

“நீ?”

“நான் ஏறலங்க. கீழதான் நிக்கறேன்.”